அடகு வைக்க முடியாத நகை

அடுத்த முறை தி.நகர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது ஒரு காரியம் செய்யுங்கள். முகங்களைப் பார்க்காதீர்கள், கைகளைப் பாருங்கள். கூடையில் கனகாம்பரம் வைத்திருக்கும் எழுபது வயது அம்மாவின் முன்கையில், சுருக்கங்களுக்கு நடுவே மங்கலாக ஒரு கோலம் தெரியும். புள்ளி வைத்து, கோடு இழுத்து, பச்சையும் நீலமுமாகக் கலங்கிப்போன கோலம். பக்கத்திலேயே காதில் ஹெட்போனோடு நிற்கும் பெண்ணின் மணிக்கட்டில் பளிச்சென்று கறுப்பில் ஓர் இறகு. அதன் நுனியிலிருந்து நான்கு சின்னப் பறவைகள் கிளம்பிப் பறந்துகொண்டிருக்கும்.

இரண்டும் ஒரே சமாசாரம்தான். தோலுக்குள் ஊசியால் இறக்கிய மை. ஒன்றுக்குப் பெயர் பச்சை, இன்னொன்றுக்கு டாட்டூ. பெயர் மாறியதும் விலை மாறிவிட்டது, மரியாதையும் மாறிவிட்டது. பச்சை குத்தியவளைப் 'பட்டிக்காடு' என்று சிரித்த குடும்பங்களில் இன்று பேத்தி டாட்டூவோடு வந்து நிற்கிறாள். தாத்தாக்கள் திகைக்கிறார்கள்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. அந்தப் பெண்ணிடம் "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டுப் பாருங்கள். ரெடியாகப் பதில் வரும். இறகு என்றால் சுதந்திரம். பறவைகள், ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர். பூக்கார அம்மாவிடம் அதே கேள்வியைக் கேளுங்கள். "அர்த்தமா? பச்சைப்பா. எல்லாரும் குத்திக்கிட்டாங்க, நானும் குத்திக்கிட்டேன்" என்பார். அவ்வளவுதான்.

உடம்பில் அழியாமல் ஒன்றை எழுதிக்கொள்வது சரியா, தப்பா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. (உங்கள் கை, உங்கள் ஊசி!) எழுதிக்கொண்டதற்கு அர்த்தம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

கொஞ்சம் பழைய கதையைப் பார்த்துவிடுவோம். எழும்பூர் மியூசியத்தில் எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் கண்காணிப்பாளராக இருந்தார். தென்னிந்திய ஜாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-ல் ஏழு தொகுதிகள் வெளியிட்டாரே, அவரேதான். அதற்கு முன்பே, 1898-ல், மியூசியம் வெளியீடு ஒன்றில் பச்சை குத்துவதைப் பற்றி எழுதியிருக்கிறார். அன்றைய மை தயாரிப்பு சுவாரஸ்யமானது. அகத்தி இலையையும் மஞ்சளையும் சேர்த்துத் துணியில் சுற்றித் திரியாக்குவார்கள். ஆமணக்கெண்ணெய் விளக்கில் அதை எரித்து, மேலே சட்டியைக் கவிழ்த்துக் கரி பிடிப்பார்கள். அந்தக் கரியைத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை. கரி கறுப்புதான். ஆனால் தோலுக்கு அடியிலிருந்து பார்க்கும்போது நீலமும் பச்சையுமாகத் தெரியும். அதனால்தான் 'பச்சை'.

குத்தியவர்கள் பெரும்பாலும் குறவர் சமூகத்துப் பெண்கள். தெருத்தெருவாக வருவார்கள். திண்ணையில் உட்காருவார்கள். வலி தெரியாமல் இருக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே குத்துவார்கள். கூலி, கொஞ்சம் அரிசி, ஒரு பழைய புடவை. இன்று மெரினாவிலும் எலியட்ஸ் பீச்சிலும் கையடக்க மெஷினை வைத்துக்கொண்டு குத்துகிறார்களே, அந்த மெஷினுக்கும் ஒரு வம்சாவளி உண்டு. எடிசன் 1876-ல் காகிதத்தில் ஓட்டை போட்டுப் பிரதி எடுக்க ஒரு மின்சாரப் பேனா செய்தார். அதே யோசனையை வைத்து 1891-ல் நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரெய்லி என்பவர் பச்சை குத்தும் மெஷினுக்கு பேடன்ட் வாங்கினார். அலுவலகத்துக்காகச் செய்த பேனா, கடைசியில் மனிதத் தோலில் எழுத வந்துவிட்டது!

சரி, அந்தக் காலத்துப் பெண்கள் ஏன் அத்தனை வலியைப் பொறுத்துக்கொண்டார்கள்? அழகுக்காக, கண்ணேறு படாமல் இருக்க என்று பல காரணம் சொல்வார்கள். எனக்குப் பிடித்த காரணம் வேறு. "நகை நட்டெல்லாம் கடைசியில கழட்டிடுவாங்க. பச்சை மட்டும்தான் கூட வரும்." இந்த நம்பிக்கை தமிழ்நாட்டில் மட்டுமல்ல, இந்தியா முழுக்க ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கிறது.

தி.நகர் உஸ்மான் ரோட்டில் நடந்துகொண்டே இந்த வாக்கியத்தை யோசியுங்கள். இரண்டு பக்கமும் நகைக் கடைகள். அட்சய திருதியை அன்று உள்ளே நுழையவே க்யூ. அங்கே வாங்கும் ஒவ்வொரு கிராமும் அவசரத்துக்கு அடகுக் கடைக்குப் போகும், பிள்ளையின் காலேஜ் ஃபீஸுக்கு விற்கப்படும், மருமகளுக்குக் கை மாறும். தங்கத்தின் பெருமையே அதுதான், அது யாரிடமும் நிற்காது. எந்தக் காலத்திலும் தங்கம் வாங்க முடியாத பெண், தன் கையில் ஒரு கோலத்தை எழுதிக்கொண்டாள். திருட முடியாது. சேட்டு கடையில் வைக்க முடியாது. குடிகாரப் புருஷன் பிடுங்கிக்கொண்டு போக முடியாது. அவள் பெயரில் இருந்த ஒரே அசையாச் சொத்து அது!

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் வரவு செலவாகத்தான் தோன்றும். டாட்டூவை முதலில் பார்த்தபோது எனக்குத் தோன்றியது, பின் தேதியிட்ட செக். இருபத்திரண்டு வயதில் நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். பணம் எடுக்கப்போவது அறுபத்திரண்டு வயது ஆளின் கணக்கிலிருந்து. அவரைக் கேட்டீர்களா? அவருக்கு அந்த இறகு பிடிக்குமா? அந்த நான்கு பறவைகளில் எத்தனை பேரோடு அவர் பேசிக்கொண்டிருப்பார்? நிஜ செக்குக்காவது இந்தியாவில் மூன்று மாதம்தான் ஆயுள். இது காலாவதியே ஆகாது.

'பின்னாடி வருத்தப்படுவே' என்று பெற்றோர்கள் சொல்வதன் சாரம் இதுதான். நியாயமான பயம்தான். நயன்தாராவின் கையில் 'பிரபு' என்று இருந்த எழுத்து பிறகு 'பாசிட்டிவிட்டி' ஆனதைத் தமிழ்நாடே பார்த்தது. அழிப்பதைவிடத் திருத்துவது சுலபம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாருக்கும் அப்படி எழுத்து ஒத்துழைக்காது.

ஆனால் கொஞ்சம் யோசித்தால் இந்த வாதம் ஆட்டம் காண்கிறது. இருபத்தைந்து வயதில் கல்யாணம் செய்துகொள்கிறோம். முப்பதில் இருபது வருட ஹோம் லோனில் கையெழுத்துப் போடுகிறோம். பிறந்து பத்து நாளே ஆன குழந்தைக்கு, அது எண்பது வயது வரை சுமக்க வேண்டிய பெயரை வைக்கிறோம். அதையெல்லாம் 'பொறுப்பு' என்று மெச்சுகிறார்கள். எதிர்காலத்து நம்மிடம் கேட்காமல் அவரைக் கட்டிப்போடுவதுதான் வாக்குறுதி என்பது. நாளைக்கு மனம் மாறாது என்று தெரிந்தால் வாக்குறுதியே தேவையில்லையே!

அப்படியானால் எது தப்பு? வேறொருவர் கை உங்கள் உடம்பில் எழுதுவது. 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தில் நாங்கள் முதலில் படித்த பாடம், சுயமான சம்மதம் இல்லாவிட்டால் ஒப்பந்தம் நிற்காது. தோலுக்கும் இது பொருந்தும். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் ஆயுள் கைதிகளின் நெற்றியில் அவர்கள் செய்த குற்றத்தைப் பச்சை குத்தினார்கள். 1849-ல்தான் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். நிறுத்திவிட்டார்களா? 1993 டிசம்பரில் அமிர்தசரஸில், நான்கு பெண்களின் நெற்றியில் போலீஸாரே 'ஜேப் கத்ரி', அதாவது பிக்பாக்கெட், என்று பச்சை குத்தினார்கள். 2016-ல் பாட்டியாலா சி.பி.ஐ. நீதிமன்றம் மூன்று போலீஸ்காரர்களுக்குச் சிறைத் தண்டனை கொடுத்தது. கிட்டத்தட்ட இருபத்து மூன்று வருடம். அத்தனை வருடமும் கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் அந்தப் பெண்களுக்கு என்ன தோன்றியிருக்கும்?

கட்டாயம் எப்போதும் போலீஸ் உடையில் வராது. அன்பு வேஷத்திலும் வரும். 1970-களில் எம்.ஜி.ஆர்., கட்சிக்காரர்கள் கையில் கட்சிக் கொடியைப் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்றார். ஆசையாகக் குத்திக்கொண்டவர்கள் ஏராளம். கட்சிக்குள்ளேயே சிலர் எதிர்த்தார்கள். 2016 பிப்ரவரியில், ஜெயலலிதாவின் 68-வது பிறந்த நாளையொட்டி வேளச்சேரியில் ஒரு முகாம் நடந்தது. நூற்றுக்கணக்கான தொண்டர்கள் அவர் முகத்தைக் கையில் குத்திக்கொண்டார்கள். அதே டிசம்பரில் அவர் காலமானார். அந்தக் கைகள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் எத்தனை பக்தி, எத்தனை பக்கத்தில் இருந்தவருக்குப் பயந்து நீட்டிய கை என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. நீட்டியவருக்குத் தெரியும்.

ஆக, சம்மதம்தான் எல்லாம் என்று முடித்துவிடலாமா? முடியவில்லை. பூக்கார அம்மாவுக்குக் கோலம் குத்தியபோது அவருக்கு ஏழெட்டு வயது இருந்திருக்கும். யார் சம்மதம் கேட்டார்கள்? கையைப் பிடித்துக்கொண்டார்கள், குத்தினார்கள், வெல்லம் கொடுத்தார்கள். ஆனாலும் அந்தக் கோலத்தை அவர் அவமானமாக நினைக்கவில்லையே. ஏதோ ஒரு கட்டத்தில் அது அவருடையதாகிவிட்டது. அது எப்படி நடக்கிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு மயிலாப்பூரில் கிடைத்தது. வீட்டு வேலை செய்யும் ஓர் அம்மா. அறுபதைத் தாண்டியவர். முன்கையில் கணவரின் பெயர். அந்தக் காலத்தில் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கார்டு எழுத வந்த ஆள் "வீட்டுக்காரர் பேரு?" என்று கேட்டபோது, பேசாமல் கையை நீட்டிக் காட்டினாராம். சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பு முடிந்ததும் மிச்சத்தைச் சொன்னார். மூன்றாவது குழந்தை வயிற்றில் இருக்கும்போது அந்தப் பெயருக்குரியவர் வீட்டைவிட்டுப் போனவர்தான். திரும்பி வரவே இல்லை.

"இப்பல்லாம் லேசர்ல அழிக்கலாமேம்மா" என்றேன்.

"அத்த எதுக்கு சார் அழிக்கணும்? அவன் போயிட்டான். நான் எங்கயும் போலையே."

கொஞ்ச நேரம் கழித்து, பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டே சொன்னார். "இந்தக் கையாலதான் சார் மூணு புள்ளைங்களயும் வளத்தேன். பேரு அவனுது. கை என்னுது."

எழுதியபோது அதன் அர்த்தம் 'நான் இன்னாருடையவள்'. இன்று அதே ஐந்து எழுத்துக்கு அர்த்தம் 'நான் யாரையும் நம்பி இல்லை'. மை மாறவில்லை. நாற்பது வருட வாழ்க்கை அதன்மேல் ஏறி உட்கார்ந்து அர்த்தத்தை மாற்றிவிட்டது.

இதற்கு உடம்பிலேயே ஓர் அத்தாட்சி இருக்கிறது என்றால் நம்புவீர்களா? நம் மேல்தோல் மாதத்துக்கு ஒரு தடவை உதிர்ந்து புதிதாகிறது. டாட்டூ மை அதற்குக் கீழே இருப்பதால் உதிர்வதில்லை என்பது பழைய விளக்கம். அது பாதி உண்மை. மையைக் கண்டதும் உடம்பின் காவல் அணுக்கள், மாக்ரோஃபேஜ்கள், எதிரி என்று நினைத்து விழுங்குகின்றன. ஜீரணிக்க முடியாமல் வயிற்றிலேயே வைத்துக்கொள்கின்றன. 2018-ல் பிரான்ஸின் மார்செய் நகர விஞ்ஞானிகள் எலிகளிடம் சோதித்து ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். அந்த அணுக்களும் ஒருநாள் சாகின்றன. அப்போது மை வெளியே வருகிறது. உடனே புதிதாக வந்த அணுக்கள் அதை எடுத்து விழுங்குகின்றன. இப்படிக் கை மாறிக் கை மாறித்தான் படம் அதே இடத்தில் நிற்கிறது. லேசரில் அழிப்பதற்கு மாதக்கணக்கில் பல சிட்டிங் ஆவதற்கு இதுவும் ஒரு காரணம். உடைந்த துணுக்குகளில் மிஞ்சியதைப் பக்கத்து அணு எடுத்துப் பத்திரப்படுத்திவிடுகிறது!

நிலையானது என்று நாம் நினைப்பது சும்மா கிடப்பதால் நிலைப்பதில்லை. யாராவது திரும்பத் திரும்ப எடுத்து வைத்துக்கொள்வதால் நிலைக்கிறது. மயிலாப்பூர் அம்மா செய்தது அதைத்தான். இன்னொரு உதாரணம் உண்டு. ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் நாஜிகள் கைதிகளின் கையில் எண்களைப் பச்சை குத்தினார்கள். மனிதனை எண்ணாக்கிய அவமானம் அது. இஸ்ரேலில் சில பேரன் பேத்திகள், தாத்தா பாட்டியின் அதே எண்ணைத் தங்கள் கையில் விரும்பிக் குத்திக்கொண்டார்கள். சிலருக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் நோக்கம் புரிகிறது. 'நீங்கள் போன பிறகும் இதை நாங்கள் வைத்திருப்போம்.'

இப்போது நம் பிள்ளைகளின் கேள்விக்கு வருகிறேன். என் நண்பருக்கு அடையாறில் வீடு. மகன் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். தாத்தா இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவர் பெயரை, அவருடைய கையெழுத்திலேயே முன்கையில் குத்திக்கொள்ள வேண்டும் என்கிறான் பையன். வீட்டில் ரகளை. "அங்கிள், நீங்க அப்பாகிட்ட சொல்லுங்க" என்று என்னைக் கூப்பிட்டான்.

நண்பர் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "தாத்தா பேரைக் கையில எழுதிக்கறது இருக்கட்டும். அவர் ஆஸ்பத்திரியில இருந்தப்போ எத்தனை தடவைடா வந்து பார்த்தே?"

அறையில் ஃபேன் சத்தம் மட்டும். பையன் தலையைக் குனிந்துகொண்டான். ரொம்ப நேரம் கழித்து, "அதனாலதாம்ப்பா" என்றான்.

எனக்கு அந்த நிமிஷம் செக் உதாரணம் மறந்துபோனது. இது செக் இல்லை. புரோ நோட்டு. 'நான் கடன்பட்டிருக்கிறேன்' என்று ஒருவன் தன் தோலிலேயே எழுதித் தருகிறான். கடன் பாக்கிக்குச் சட்டத்தில் பொதுவாக மூன்று வருடக் கெடு. கெடு முடிவதற்குள் 'ஆமாம், கடன் இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், அன்றிலிருந்து மறுபடி மூன்று வருடம் ஓட ஆரம்பிக்கும். கையில் எழுதியவனுக்கு தினமும் குளிக்கும்போது கெடு புதுப்பிக்கப்படும். தப்பிக்கவே முடியாது.

ஆனால் புரோ நோட்டு எழுதுவது வேறு, கடனை அடைப்பது வேறு. நிறைய பேர் எழுதியதோடு அடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். இங்கேதான் டாட்டூவின் நிஜமான ஆபத்து இருக்கிறது என்பேன். மை அழியாது என்பதல்ல ஆபத்து. ஒரு மணி நேர வலியைப் பொறுத்துக்கொண்டதும், கணக்கு நேராகிவிட்டது போன்ற நிம்மதி வந்துவிடுகிறது. கையில் 'அம்மா' இருக்கும். அம்மாவின் மிஸ்டு கால் மூன்று இருக்கும்.

"பாட்டி எங்கேப்பா இருக்காங்க?" என்று கேட்டேன்.

"மந்தைவெளியில, சித்தப்பா வீட்ல."

"கடைசியா எப்போ பார்த்தே?"

அவன் பதில் சொல்லவில்லை. நானும் அதற்குமேல் கேட்கவில்லை. இறந்தவர்களிடம் பட்ட கடனை இறந்தவர்களிடம் அடைக்க முடியாது. அவர்கள் விட்டுப்போனவர்களிடம்தான் அடைக்க முடியும். அடையாறிலிருந்து மந்தைவெளி அப்படியொன்றும் தூரமில்லை.

நீங்கள் குத்திக்கொள்வதாக முடிவு செய்துவிட்டீர்களா? சந்தோஷம். பதினெட்டு வயது முடிந்திருக்கட்டும். உங்கள் கண்ணெதிரே புது ஊசியைப் பிரிக்கச் சொல்லுங்கள். ஊசி வழியாக மஞ்சள் காமாலையும் எச்.ஐ.வி.யும் பரவலாம். அதற்கப்புறம் ஒரு வருடம் ரத்த தானம் செய்ய முடியாது. ராணுவத்தில் சேரும் ஆசை இருந்தால் விதிகளை முதலில் படியுங்கள். எந்த இடத்தில் பச்சை இருக்கலாம் என்று அங்கே கட்டுப்பாடு உண்டு. ஸ்டூடியோக்களில் சதுர அங்குலக் கணக்கில் சார்ஜ் பண்ணுவார்கள். அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எந்தப் படம், எந்த எழுத்து, அதற்கு என்ன அர்த்தம் என்று ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். கேட்லாக்கில் இருக்கும் எந்த அர்த்தமும் உங்கள் கைக்கு வரும்போது வெறும் கோடுதான். பூக்கார அம்மாவுக்கு அர்த்தம் தெரியாமலேயே கோலம் சொந்தமானது. மயிலாப்பூர் அம்மாவுக்கு அர்த்தம் தலைகீழாகியும் பெயர் சொந்தமானது.

அதற்குப் பதிலாக வேறொரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இதை எழுதிக்கொண்ட மறுநாள் காலையில் நான் என்ன செய்யப்போகிறேன்? பதில் இருந்தால் தைரியமாகக் கையை நீட்டுங்கள். பதில் இல்லாவிட்டால் ஒரு வாரம் பொறுங்கள். அந்த வாரத்தில், யார் பெயரை எழுத நினைத்தீர்களோ அவர் உயிரோடு இருந்தால் அவரையே போய்ப் பாருங்கள். இல்லாவிட்டால் அவர் விட்டுப்போனவர்களைப் பாருங்கள். வந்த பிறகும் குத்திக்கொள்ளத் தோன்றினால் குத்திக்கொள்ளுங்கள். அந்தப் பச்சை நன்றாகப் பிடிக்கும்.